"எழுத்துல கொடுங்க"னு கேட்டாதான் வேலை செய்யற சட்டம்

நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவத்துக்கும் ஹெர்னியா ஆபரேஷனுக்கும் போற பத்து பெட் ஆஸ்பத்திரி. அமெரிக்கால அதே வார்த்தைக்கு அர்த்தமே வேற. வயசாகி, தானா எழுந்து நடமாட முடியாம, ராத்திரி பகல் ஒரு நர்ஸ் பக்கத்துல இருக்க வேண்டியவங்க தங்கற இடம், சில பேருக்கு மூணு வாரம், சில பேருக்கு கடைசி வரைக்கும். ஊருக்கு போன் பண்ணி "அத்தைய நர்சிங் ஹோம்ல சேர்த்திருக்கோம்"னு சொன்னப்போ என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி "எப்போ டிஸ்சார்ஜ்?" அந்த கேள்விக்கு பதில் சொல்ல எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு, அந்த மூணு மாசத்துல படிச்சது, கேட்டு தெரிஞ்சுகிட்டது, திட்டு வாங்கினது எல்லாம் சேர்த்துதான் இத எழுதறேன்.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சி. அத்தை, அதாவது என் மாமியார், பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரிக்காரங்க "ரிஹாப் பண்ணணும், அதாவது திரும்ப நடக்க பயிற்சி எடுக்கணும், நர்சிங் ஹோம் போங்க"னு சொல்லி லிஸ்ட் கொடுத்து மறுநாள் சாயங்காலமே ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழு மணி இருக்கும். அத்தை வலில முனகிட்டு இருக்காங்க, பக்கத்து பெட்ல டிவி சத்தம், அட்மிஷன் அம்மா ஒரு டேப்லெட்டோட வந்து நிக்கறாங்க. "இதெல்லாம் ரொட்டீன்தான், இங்க இங்க கையெழுத்து போட்டா போதும்"னு விரலால தள்ளி தள்ளி காட்டறாங்க, என் வீட்டுக்காரர் பேங்க் லோன் ஃபார்ம்ல போடற மாதிரி போட்டுக்கிட்டே போறார். நாப்பதாவது பக்கமோ என்னவோ, "ரெஸ்பான்சிபிள் பார்ட்டி"னு ஒரு கோடு. "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க"ன்னேன். அவர் திரும்பி "அம்மாவுக்கு நான்தான பொறுப்பு, வேற யாரு?"ன்னார்.

அங்கதான் நம்ம ஆளுங்க மாட்டறது. நமக்கு அது பாசம், பேப்பருக்கு அது பணம்.

மத்திய அரசோட சட்டம் இதுல தெளிவா இருக்கு. மெடிகேர்னா பெரியவங்களுக்கான அரசு காப்பீடு, மெடிகெய்ட்னா வருமானம் குறைஞ்சவங்களுக்கானது. இந்த பணம் வாங்கற எந்த நர்சிங் ஹோமும் பில்லுக்கு மூணாவது ஆள் ஜாமீன் கேட்கக்கூடாது, சேர்க்கறதுக்கும் சரி, தொடர்ந்து வெச்சுக்கறதுக்கும் சரி. அவங்க கேட்கலாம்னு அனுமதிச்சிருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், பெரியவங்களோட சொந்த வருமானத்தையும் சேமிப்பையும் கையாள சட்டப்படி அதிகாரம் இருக்கறவர், அந்த பணத்துலேர்ந்து பில் கட்டறேன்னு கையெழுத்து போடலாம். தன் பாக்கெட்லேர்ந்து கட்டறேன்னு இல்ல. ஆனா ஃபார்ம்ல இந்த ரெண்டையும் குழப்பி எழுதி வெச்சிருக்காங்க, அப்பறம் அத காட்டியே பிள்ளைங்க மேல கலெக்ஷன் ஏஜென்சிய ஏவி விடறாங்க. இது எந்த அளவுக்கு போச்சுன்னா 2022 செப்டம்பர்ல நுகர்வோர் நிதி பாதுகாப்பு பீரோவும், நர்சிங் ஹோம்கள மேல்பார்வை பண்ற சிஎம்எஸ்ஸும் சேர்ந்து, இப்படி ஜாமீன் கேட்டு வசூல் பண்றது சட்ட விரோதம்னு ஹோம்களுக்கும் கடன் வசூல் கம்பெனிகளுக்கும் எச்சரிக்கை கடிதமே அனுப்பினாங்க.

இதுல ஒரு விசித்திரம் சொல்லணும். பக்கத்து பென்சில்வேனியால பெத்தவங்கள பிள்ளை காப்பாத்தணும்னு பழைய சட்டம் ஒண்ணு இன்னும் உயிரோட இருக்கு, நம்ம ஊர் 2007 முதியோர் பராமரிப்பு சட்டத்துக்கு ஒண்ணு விட்ட அண்ணன் மாதிரி. அத வெச்சு 2012ல ஒரு மகன் மேல, அவர் எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாம இருந்தும், அம்மாவோட நர்சிங் ஹோம் பில் கிட்டத்தட்ட 93,000 டாலர் கட்டணும்னு அந்த மாநில மேல்முறையீட்டு கோர்ட் சொல்லிடுச்சு. ஜாமீன் கேட்கக்கூடாதுங்கற மத்திய சட்டம் அங்க காப்பாத்தல. அதனால நீங்க இருக்கற மாநிலத்துல அந்த மாதிரி சட்டம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

அதே டேப்லெட்ல இன்னொரு கோடு இருந்துச்சு, "ஆர்பிட்ரேஷன்". ஏதாவது தப்பு நடந்தா, படுக்கைப் புண் வந்து செப்டிக் ஆனாலும் சரி, கீழ போட்டு உடைச்சாலும் சரி, கோர்ட்டுக்கு போக மாட்டோம், தனியார் நடுவர்கிட்ட மூடின ரூம்ல பேசி முடிச்சுக்கறோம்ங்கற ஒப்பந்தம். 2016ல ஒபாமா அரசு, தகராறு வர்றதுக்கு முன்னாடியே இப்படி எழுதி வாங்கறத மொத்தமா தடை பண்ணுச்சு, நர்சிங் ஹோம் சங்கம் மிசிசிப்பி ஃபெடரல் கோர்ட்ல போய் தடையாணை வாங்கிட்டாங்க. அடுத்த வருஷம் கென்டக்கி மாநிலத்துலேர்ந்து போன கிண்ட்ரெட் கேஸ்ல, பவர் ஆஃப் அட்டர்னி வெச்சிருக்கற சொந்தக்காரங்க போட்ட ஆர்பிட்ரேஷன் கையெழுத்துக்கு மட்டும் தனி கண்டிஷன் போடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 2019ல வந்த திருத்தின விதிதான் இப்போ நடப்புல இருக்கறது: எழுதி வாங்கலாம், ஆனா அது போட்டாதான் சேர்த்துப்போம்னு சொல்லக்கூடாது, அவங்களுக்கு புரியற பாஷைல விளக்கணும், போட்டதுக்கு அப்பறமும் 30 நாளைக்குள்ள வேண்டாம்னு வாபஸ் வாங்கலாம்.

அந்த 30 நாள் விஷயம் எனக்கு மூணாவது வாரம்தான் தெரிஞ்சுது, என் வீட்டுக்காரர் ஏற்கெனவே போட்டுட்டார். ஒரு வெள்ளை பேப்பர்ல நாலு வரி எழுதி, தேதி போட்டு, ரிசப்ஷன்ல கொடுத்து, ஒரு காப்பில "வாங்கிக்கொண்டோம்"னு சீல் வாங்கினோம். அட்மிஷன் அம்மா முகம் மாறுச்சு, ஆனா ஒண்ணும் சொல்லல, சொல்ல முடியாது.

சரி, இந்த உரிமை எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1965ல மெடிகேரும் மெடிகெய்டும் வந்தப்போ அரசு பணம் வெள்ளமா பாய ஆரம்பிச்சு நர்சிங் ஹோம் தொழில் திடீர்னு பெருத்துடுச்சு, கூடவே ஊழலும் கொடுமையும். வருஷா வருஷம் பேப்பர்ல கதை வரும், கமிட்டி போடுவாங்க, அடங்கிடும். 1986ல இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஒரு பெரிய ரிப்போர்ட் கொடுத்துச்சு, அதுவரைக்கும் இன்ஸ்பெக்ஷன்ல கட்டடம், ஃபைல், சமையல்கட்டுனு "நல்லா கவனிக்க இவங்களால முடியுமா முடியாதா"னு மட்டும் பாத்துக்கிட்டு இருந்தவங்கள, உள்ள இருக்கற மனுஷன் எப்படி இருக்கான்னு பாருங்கன்னு சொன்ன ரிப்போர்ட். அத அடிப்படையா வெச்சு 1987 டிசம்பர்ல ரீகன் கையெழுத்து போட்ட பட்ஜெட் சட்டத்துக்குள்ள நர்சிங் ஹோம் சீர்திருத்த சட்டம் உட்கார்ந்திருந்துச்சு, இந்த தொழில்ல இருக்கறவங்க இன்னிக்கும் அத ஓப்ரா 87னுதான் சொல்லுவாங்க. அதோட உயிர் ஒரே வாக்கியம்: ஒவ்வொருத்தரும் உடம்பாலயும் மனசாலயும் சமூக வாழ்க்கையாலயும் அடையக்கூடிய அதிகபட்ச நல்ல நிலைய அடையவும், அத தக்க வெச்சுக்கவும் வேண்டிய சேவைய ஹோம் கொடுத்தே ஆகணும். "வயசாயிடுச்சு, இதுக்கு மேல என்ன எதிர்பாக்கறீங்க"னு சொல்றதுக்கு சட்டத்துல இடமே இல்ல, அப்படி சொன்னா ஏன் தேறல, என்ன முயற்சி பண்ணீங்கன்னு காட்ட வேண்டியது அவங்க பொறுப்பு.

இந்த சட்டத்துலதான் ஆள கட்டி போடறத பத்தி வருது. ஒழுங்குபடுத்தறதுக்காகவோ ஸ்டாஃபோட சௌகரியத்துக்காகவோ, கயிறாலயும் கட்டக்கூடாது, மருந்தாலயும் கட்டக்கூடாது, நோய்க்கு உண்மையாவே தேவைப்பட்டா மட்டும்தான். கயித்துல கட்டறது இப்போ ரொம்ப குறைஞ்சுடுச்சு. மருந்துல கட்டறதுதான் கண்ணுக்கு தெரியாது.

எங்க கதைல அது ரெண்டாவது வாரம். அத்தைக்கு மறதி ஏற்கெனவே லேசா உண்டு, ஆபரேஷனுக்கு அப்பறம் அது கூடிடுச்சு, இங்கிலீஷ் சுத்தமா போயிடுச்சு, ராத்திரில "யாராவது இருக்கீங்களா"னு தமிழ்ல கூப்பிடுவாங்க போல. அங்க இருக்கறவங்களுக்கு அது வெறும் கத்தல். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனா அத்தை வீல்சேர்ல தலை ஒரு பக்கம் சாஞ்சு, வாயோரம் எச்சில் ஒழுகி, கைல இருந்த ஸ்பூன் கீழ விழுந்து கிடக்கு, இட்லி மிளகாய்ப்பொடி டப்பா திறந்தது திறந்தபடி இருக்கு. அத்தை அப்படி சாப்பாட்ட விட்டு தூங்கற ஆளே இல்ல. கேட்டா "டிமென்ஷியா, அப்படித்தான் போகும்"ங்கறாங்க. வெளில வந்தப்போ அங்க வேலை பாக்கற ஒரு மலையாளி சேச்சி, லிஃப்ட் வர்ற வரைக்கும் செவுத்த பாத்துக்கிட்டே மெதுவா சொன்னாங்க, "மருந்து லிஸ்ட் கேளுங்க. வாயால கேட்க வேண்டாம், எழுதி கேளுங்க."

எழுதி கேட்டோம். சட்டப்படி ரெக்கார்ட கேட்டா 24 மணி நேரத்துக்குள்ள பார்க்க விடணும், லீவு நாள் கணக்கில்ல, காப்பி கேட்டா ரெண்டு வேலை நாள்ல கொடுக்கணும். கேட்கறது அத்தை, இல்லன்னா அவங்களோட சட்டப்படியான பிரதிநிதி, என் வீட்டுக்காரர்கிட்ட ஹெல்த் கேர் ப்ராக்ஸி, அதாவது அத்தைக்கு பதிலா வைத்திய முடிவு எடுக்கலாம்னு அவங்க எழுதி கொடுத்த பேப்பர், இருந்ததால வேலை சுலபமா முடிஞ்சுது, அது இல்லாதவங்க இன்னிக்கே எழுதி வெச்சுக்கோங்க. லிஸ்ட்ல ஒரு ஆன்டிசைக்காடிக் மாத்திரை, தீவிர மனநோய்க்கு கொடுக்கறது, புதுசா இருந்துச்சு, ராத்திரிக்கு. எங்கள யாரும் கேட்கல. எந்த மருந்துனாலும் முன்னாடியே சொல்லணும், வேண்டாம்னு மறுக்கவும் உரிமை உண்டு. டிமென்ஷியா இருக்கற முதியவங்களுக்கு இந்த வகை மருந்து கொடுத்தா இறப்பு அபாயம் கூடும்னு 2005லயே எஃப்டிஏ, அதாவது மருந்துகள கட்டுப்படுத்தற மத்திய அரசு துறை, தன்னோட கடுமையான எச்சரிக்கைய, அந்த கருப்பு கட்டம் போட்ட எச்சரிக்கைய, மருந்தோட விவரக்குறிப்புல போட வெச்சிருக்கு. தேவைப்பட்டா கொடுன்னு எழுதற ஆன்டிசைக்காடிக் ஆர்டர் 14 நாளைக்கு மேல போகணும்னா டாக்டர் நேர்ல வந்து பார்த்து புதுசா எழுதணும். இதெல்லாம் இருந்தும் ஓட்டை இருக்கு. ஸ்கிட்சோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய், இருக்கறவங்களுக்கு கொடுக்கற மருந்து ஹோமோட தர கணக்குல சேராதுங்கறதால, எண்பது வயசுல திடீர்னு நிறைய பேருக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா வந்துச்சு, பேப்பர்ல. 2021ல நியூயார்க் டைம்ஸ் இத வெளில கொண்டு வந்துச்சு, 2023லேர்ந்து சிஎம்எஸ் இந்த டயக்னோசிஸ தனியா ஆடிட் பண்ண ஆரம்பிச்சுது.

இதே மாதிரி ஒரு குடும்பத்தோட கதைதான் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2023 ஜூன் 8ல தீர்ப்பு ஆச்சு, டலெவ்ஸ்கி கேஸ்னு சொல்லுவாங்க. இண்டியானால ஒரு பெரியவர், டிமென்ஷியா, 2016ல சேர்றப்போ நடப்பார், பேசுவார், தானே சாப்பிடுவார், வீட்டு மனுஷங்கள அடையாளம் தெரியும். கொஞ்ச நாள்லயே எல்லாம் போச்சு. ஹோம் சொன்னது நோய் முத்துதுன்னு. குடும்பம் வெளி டாக்டர வெச்சு பார்த்தா, மனநல மருந்து மட்டும் ஆறு வகை போயிட்டு இருந்துச்சுன்னு அவங்க புகார்ல இருக்கு. மாநில சுகாதார துறைல கம்ப்ளெய்ன்ட் பண்ணி மருந்த குறைச்சதும் திரும்ப தானே சாப்பிட ஆரம்பிச்சார். அப்பறம் ஹோம் அவர தூரத்துல இருக்கற வேற இடத்துக்கு அனுப்ப பார்த்துச்சு, அது செல்லாதுன்னு விசாரணைல முடிவு வந்ததுக்கு அப்பறமும் திரும்ப சேர்த்துக்கலன்னு குடும்பம் சொல்லுச்சு. 2021ல அவர் இறந்துட்டார், கேஸ் மட்டும் நிக்காம தொடர்ந்துச்சு.

கோர்ட் முன்னாடி இருந்த கேள்வி மருந்து கூட இல்ல. மத்திய அரசு "இந்த பணம் வேணும்னா இப்படி நடந்துக்கோ"னு போடற கண்டிஷன மீறினா, பாதிக்கப்பட்ட ஆள் நேரா கோர்ட்டுக்கு போக முடியுமா, இல்ல அது அரசுக்கும் ஹோமுக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தம் மட்டும்தானா? ஹோம் தரப்பு ஜெயிச்சிருந்தா நர்சிங் ஹோம் மட்டும் இல்ல, மெடிகெய்டை நம்பி இருக்கற கோடிக்கணக்கான பேரோட கேஸ் போடற உரிமையே ஆட்டம் கண்டிருக்கும், அதனாலதான் நாடே அத பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஏழு நீதிபதிங்க குடும்பத்து பக்கம், ரெண்டு பேர் எதிரா, நீதிபதி கேதான்ஜி பிரவுன் ஜாக்சன் தீர்ப்பு எழுதினாங்க, 1871ல உள்நாட்டுப் போருக்கு அப்பறம் வந்த சிவில் உரிமை சட்டத்த வெச்சு கேஸ் போடலாம்னு. மருந்துல கட்டறதும் நோட்டீஸ் இல்லாம மாத்தறதும் அந்த ஆளோட சொந்த உரிமை மேல கை வெக்கறதுன்னு சொன்னாங்க.

பெரிய வெற்றிதான், ஆனா கொண்டாடறதுக்கு முன்னாடி சின்ன எழுத்த படிக்கணும். 1871 சட்டம் அரசு தரப்பு மேல மட்டும்தான் பாயும். அந்த இண்டியானா ஹோம், மாவட்ட அளவுல இருக்கற ஒரு அரசு சுகாதார அமைப்போட சொத்து, அதனால மாட்டுச்சு. நாட்டுல இருக்கற கிட்டத்தட்ட 15,000 நர்சிங் ஹோம்ல பெரும்பாலானது தனியார், லாபத்துக்கு நடக்கறது, அவங்க மேல இந்த கதவு திறக்காது. அவங்கள பிடிக்கணும்னா மாநில சட்டம்தான். நியூ ஜெர்சில 1976லயே, அதாவது மத்திய சட்டத்துக்கு பதினோரு வருஷம் முன்னாடியே, நர்சிங் ஹோம்ல இருக்கறவங்க உரிமைக்குன்னு தனி சட்டம் வந்து, மீறினா கேஸ் போட்டு நஷ்ட ஈடும் வக்கீல் ஃபீஸும் வாங்கலாம்னு வழி வெச்சிருக்கு. நியூயார்க், கலிஃபோர்னியாலயும் இந்த மாதிரி உண்டு. எல்லா மாநிலத்துலயும் இவ்வளவு பலமா கிடையாது.

இப்போ வெளில அனுப்பற விஷயம். கம்ப்ளெய்ன்ட்ல அடிக்கடி வர்றதும், நம்ம ஆளுங்க எதிர்த்து பேசாம மூட்டை கட்டறதும் இதுலதான். ஒருத்தர வெளியேத்த ஆறே காரணம்தான் செல்லும்: அவங்க தேவைய இந்த ஹோமால கவனிக்க முடியல, உடம்பு தேறிடுச்சு, இருக்கறது மத்தவங்க பாதுகாப்புக்கு ஆபத்து, மத்தவங்க ஆரோக்கியத்துக்கு ஆபத்து, நியாயமான நோட்டீஸ் கொடுத்தும் பணம் கட்டல, ஹோமையே மூடறாங்க. அவ்வளவுதான். "மகன் எப்பவும் சண்டை போடறார்" அந்த லிஸ்ட்ல இல்ல. "மெடிகேர் முடிஞ்சுடுச்சு, இனிமே மெடிகெய்ட்தான்"ங்கறதும் இல்ல, மெடிகெய்டுக்கு தேவையான பேப்பர் எல்லாம் கொடுத்து விண்ணப்பம் பெண்டிங்ல இருந்தா அது பணம் கட்டாத கணக்குல வராது. சாதாரணமா 30 நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் வரணும், அதுல காரணம், தேதி, எங்க அனுப்பறாங்க, எப்படி அப்பீல் பண்றது, அங்க தங்கறவங்களோட குறைய கேட்டு உதவற ஓம்பட்ஸ்மனோட நம்பர் எல்லாம் இருக்கணும், ஒரு காப்பி ஓம்பட்ஸ்மனுக்கும் போகணும். அப்பீல் பண்ணிட்டா அது முடியற வரைக்கும் அனுப்ப முடியாது, ஆபத்துன்னு காட்டினா ஒழிய. சேர்ந்து 30 நாள் ஆகாதவங்களுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது, அதையும் சொல்லிடறேன். ரொம்ப பழைய தந்திரம் ஒண்ணு இருக்கு: லேசா காய்ச்சல், குழப்பம்னு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்பிட்டு, திரும்ப வர்றப்போ "பெட் இல்ல"ன்னு சொல்றது. அதுவும் வெளியேத்தறதுதான், அதே விதி அதுக்கும் பொருந்தும்.

இதோட இன்னொரு பேப்பர போட்டு குழப்பிக்காதீங்க. மெடிகேர் முதல் 20 நாள் முழுசா கட்டும், 21லேர்ந்து 100 நாள் வரைக்கும் நாம ஒரு பங்கு கட்டணும், 2025 கணக்குப்படி நாளுக்கு 209.50 டாலர். அரசே நேரா நடத்தற "ஒரிஜினல்" மெடிகேர்ல இதுக்கும் முன்னாடி ஆஸ்பத்திரில மூணு நாள் இன்பேஷன்டா இருந்திருக்கணும், "அப்சர்வேஷன்"னு, அதாவது அட்மிட் பண்ணாம கவனிப்புல மட்டும் வெச்சிருக்கறதா, போட்டிருந்தா அதே பெட்ல படுத்திருந்தாலும் கணக்கில்ல, அந்த வார்த்தைய ஆஸ்பத்திரிலயே கேட்டுடுங்க. நூறு நாளும் கிடைக்கும்னு இல்ல, நடுவுல "இனிமே கவரேஜ் இல்ல"ன்னு ரெண்டு நாள் முன்னாடி ஒரு நோட்டீஸ் வரும். எங்களுக்கு 41ஆவது நாள் வந்துச்சு. சோஷியல் வொர்க்கர் அத கொடுக்கறப்போ "வெள்ளிக்கிழமை கூட்டிட்டு போகலாம்"னு சேர்த்து சொன்னாங்க, என் வீட்டுக்காரர் லீவு போட்டு வீல்சேர் வாடகைக்கு விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். மெடிகேர் நிக்கறதுன்னா பணம் நிக்கறது, ஆள் வெளில போகணும்னு அர்த்தம் இல்ல, ரெண்டும் வேற. அந்த நோட்டீஸ்லயே அப்பீல் நம்பர் இருக்கும், கவரேஜ் முடியற நாளுக்கு முதல் நாள் மத்தியானம் 12 மணிக்குள்ள கூப்பிடணும், ஃபீஸ் கிடையாது.

அவங்க சொன்ன காரணம் "இம்ப்ரூவ்மென்ட் இல்ல, ஒரே நிலைல இருக்காங்க". இது பல வருஷமா ஓடிட்டு இருந்த கதை, வெர்மான்ட்ல ஜிம்மோனு ஒருத்தங்க பேர்ல போட்ட கேஸ் 2013ல சமரசத்துல முடிஞ்சப்போ, முன்னேற்றம் இல்லங்கற ஒரே காரணத்துக்காக தெரபிய நிறுத்தக்கூடாது, இருக்கற நிலை மோசமாகாம பார்த்துக்க தேர்ந்த தெரபிஸ்ட் தேவைன்னா அதுக்கும் மெடிகேர் கட்டணும்னு மெடிகேரே ஒத்துக்கிட்டாச்சு. போன்ல அந்த பேர சொன்னேன், "ஜிம்மோ". ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, எங்க பக்கம்.

சாப்பாடு பாஷை பத்தி யாரும் உரிமைன்னே நினைக்கறதில்ல. ஆனா மெனு போடறப்போ அங்க இருக்கறவங்களோட மதம், கலாச்சாரம், இனம் சார்ந்த தேவைய நியாயமான அளவுக்கு கணக்குல எடுத்துக்கணும்னு விதில எழுதியே இருக்கு. அவங்க தினம் மசாலா தோசை போடப்போறதில்ல, ஆனா சைவம் சாப்பிடறவங்களுக்கு ட்ரேல டர்க்கி வெச்சுட்டு "சாப்பிட மறுத்தார்"னு சார்ட்ல எழுதறது தப்பு. சேர்ந்து 48 மணி நேரத்துல அடிப்படை கேர் பிளான், 14 நாள்ல முழு மதிப்பீடு, அதுக்கு அப்பறம் ஏழு நாள்ல முழு கேர் பிளான், அந்த மீட்டிங்க்கு நீங்க போகலாம், சொல்லலாம். நான் அங்க ரெண்டே விஷயம் எழுத வெச்சேன்: அசைவம் கூடாது, முட்டை உட்பட. ராத்திரி எழுந்து கூப்பிட்டா போன்ல தமிழ் இன்டர்பிரெட்டர கூப்பிடணும், இல்லன்னா எங்க நம்பர். கேர் பிளான்ல ஏறிட்டா அத மீறறது இன்ஸ்பெக்ஷன்ல பிடிபடக்கூடிய தப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க வீட்டு போன் பல தடவை அடிச்சுது, அத்தைக்கு வேண்டியிருந்தது பெரும்பாலும் தண்ணி, இல்லன்னா பாத்ரூம். அந்த மாத்திரைய நிறுத்திட்டாங்க.

பெத்தவங்க கிரீன் கார்டுல இருந்தா அஞ்சு வருஷம் ஆகற வரைக்கும் மெடிகேர் வாங்க முடியாது, மெடிகெய்டும் பெரும்பாலும் கிடையாது, அதனால சொந்த காசுல சேர்க்கறவங்க நம்மள்ல நிறைய. காசு யார் கொடுத்தாலும் உரிமை ஒண்ணுதான், மெடிகேர் மெடிகெய்ட் சான்று வாங்கின ஹோம்ல எந்த பெட்ல படுத்தாலும் பொருந்தும். அசிஸ்டட் லிவிங்னு போர்டு இருக்கற இடத்துக்கு, அதாவது அன்றாட வேலைக்கு உதவி கிடைக்கற முதியோர் குடியிருப்புக்கு, மட்டும் இந்த மத்திய சட்டம் கிடையாது, அது முழுக்க மாநில விதி, அட்மிஷன் ஆபீஸ்ல ரெண்டும் ஒரே மாதிரி பூங்கொத்து வெச்சிருப்பாங்க.

யார்கிட்ட போறதுன்னா, ஓம்பட்ஸ்மன். 1970கள்ல சோதனையா ஆரம்பிச்சு, 1978லேர்ந்து எல்லா மாநிலத்துலயும் கட்டாயம். இலவசம், நீங்க சம்மதிக்காம உங்க பேர வெளில சொல்ல மாட்டாங்க, நிறைய பேர் வாலன்டியர்ஸ். அவங்களுக்கு அபராதம் போடற அதிகாரம் கிடையாது, அது மாநில சுகாதார துறைக்கு. அந்த துறை சராசரியா வருஷத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 15 மாசத்துக்குள்ள சொல்லாம கொள்ளாம வந்து பார்க்கணும், அந்த ரிப்போர்ட்ட ஹோம்ல யார் கேட்டாலும் பார்க்கற மாதிரி வெச்சிருக்கணும். எங்க ஹோம்ல அது ரிசப்ஷன்ல, பிளாஸ்டிக் பூச்சாடிக்கு பின்னாடி, ஒரு தடி ஃபைல்ல இருந்துச்சு. மெடிகேர் வெப்சைட்ல இருக்கற ஸ்டார் ரேட்டிங்க விட அந்த ஃபைல்தான் எனக்கு நிறைய சொல்லுச்சு.

எல்லாத்துக்கும் அடில இருக்கறது ஆள் பற்றாக்குறைதான். அந்த சேச்சி ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல எத்தனை பேர பார்க்கறாங்கன்னு கேட்டேன், சிரிச்சாங்களே தவிர சொல்லல. 1987 சட்டம் நர்ஸ் 24 மணி நேரமும் இருக்கணும், அதுல ரிஜிஸ்டர்ட் நர்ஸ் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கணும்னு மட்டும் சொல்லி, மத்தத "போதுமான அளவு"னு விட்டுடுச்சு. 2024ல பைடன் அரசு ஒரு ஆளுக்கு நாளுக்கு 3.48 மணி நேர கவனிப்புன்னு முதல் தடவையா எண் போட்டு விதி கொண்டு வந்துச்சு, 2025 ஏப்ரல்ல டெக்சஸ் ஃபெடரல் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு, அதே வருஷம் ஜூலைல டிரம்ப் கையெழுத்து போட்ட பெரிய பட்ஜெட் சட்டம் 2034 வரைக்கும் அத அமல்படுத்தக்கூடாதுன்னு தடுத்துடுச்சு. கிராமத்து ஹோம்கள் ஆள் கிடைக்காம மூட வேண்டி வரும்னு விதிய எதிர்த்தவங்க வாதம், அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ஆள் கிடைக்கற அளவுக்கு சம்பளம் கொடுக்கறது பத்தி அந்த வாதத்துல ஒரு வரி கூட காணோம். எத்தனை நர்ஸ் இன்னிக்கு டியூட்டிலனு தினமும் எழுதி எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டணும்ங்கற விதி மட்டும் இன்னும் இருக்கு. நான் போறப்போ எல்லாம் அத போன்ல போட்டோ எடுத்து வெச்சேன், அத பார்த்துட்டோ என்னவோ அத்தையோட பெல்லுக்கு சீக்கிரம் ஆள் வர ஆரம்பிச்சாங்க.

"இவ்வளவு கேட்டா அத்தை மேல காட்டிட மாட்டாங்களா"னு என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் பயந்தார். பழி வாங்கறதும் சட்டப்படி தப்புதான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பெல்ல மெதுவா எடுக்கறது பழியா வேலைப் பளுவானு யார் நிரூபிக்கறது? அந்த பயத்துக்கு என்கிட்ட சட்டத்துல பதில் இல்ல. நாங்க பண்ணது, போற நேரத்த மாத்தி மாத்தி போனது, திட்டறதுக்கு பதிலா எழுதினது, நல்லா பாத்துக்கிட்டவங்க பேர போட்டும் ஒரு லெட்டர் கொடுத்தது. சேச்சி பேர மட்டும் அதுல போடல, வேணும்னேதான்.

93ஆவது நாள் அத்தை வாக்கர் பிடிச்சு பாத்ரூம் வரைக்கும் நடந்தாங்க. நாத்தனாருக்கு போன் பண்ணி "வர்ற வியாழக்கிழமை டிஸ்சார்ஜ்"னு சொன்னேன். "ஏன் இவ்வளவு நாள், பெட் காசுக்காக இழுத்தடிச்சாங்களா?"ன்னாங்க. "இல்ல அண்ணி, நாங்கதான் இழுத்தோம்"ன்னேன்.